ஒன்பதரை மணிக்கு முந்திய பக்கங்கள்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் ஏப்ரலும் மே மாதமும் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் சிரித்துக் கதைத்த மாதங்கள் அல்ல. இலங்கையில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. கடைகளில் பாட்டுப் போடவில்லை. கலியாணங்களைத் தள்ளிவைத்தார்கள். பின்னேரங்களில் பாதிப் பேர் நகரத்தின் நடுவில் பதாகைகளோடு நின்றார்கள். மீதிப் பேர் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். அந்த நாட்களில்தான் நான் ஒவ்வொரு காலையும் எப்போது வேலைக்குப் போவேன் என்று துடித்துக்கொண்டிருந்தேன். இதை அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது.

மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். பேறுகால விடுப்பு முடிந்து நான் திரும்பிப் போவதற்குள் பழைய இடத்தில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு சிறிய நிறுவனம் மென்பொருளைச் சோதிக்க ஆள் தேடியது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. கிடைத்த பிறகு, போகத்தான் வேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். பிள்ளையை எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருந்த அன்ரியிடம் விட்டேன். அவர் இன்னும் மூன்று பிள்ளைகளைப் பார்த்தார். முதல் வாரம் முழுவதும் மணிக்கு ஒருதரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, அவ சோறும் பருப்பும் வடிவாச் சாப்பிட்டிட்டு நித்திரை. நீர் சாப்பிட்டனீரோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப ஆரைப் பாக்கோணும் நான், அவவையோ உம்மையோ? வையும் போனை."

வேலை இதுதான். அந்த மென்பொருளுக்கு ஓர் இணையப் பக்கத்தைக் கொடுத்தால், அதிலுள்ள கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், வெளியான திகதி, கட்டுரை முழுவதும் ஆகிய நான்கையும் பிரித்தெடுத்துத் தரும். மனிதருக்கு இது ஒரு வேலையே இல்லை. பக்கத்தைத் திறந்ததும் எது கட்டுரை, எது விளம்பரம் என்று கண் சொல்லிவிடும். கணினிக்கு அப்படி ஒரு கண் இல்லை. அதற்குப் பக்கம் முழுவதும் ஒரே எழுத்துக் குவியல். மெனுவும், ராசிபலனும், நகைக்கடை விளம்பரமும், கட்டுரையும் அதன் முன் ஒன்றாகத்தான் கொட்டப்பட்டிருக்கும். அந்தக் குவியலுக்குள் அது கை விட்டுச் சரியான நான்கு பொருட்களை எடுத்து வருவதைப் பார்க்கும்போது, மகள் முதன்முதலாகத் தன் விரல்களால் ஒரு கடலையைக் கிள்ளி எடுத்தபோது எனக்கு வந்த அதே குதூகலம் வரும்.

நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்று அந்த மென்பொருளை வாங்க இருந்தது. உலகச் செய்தித் தளங்களை நாள்தோறும் வாசித்து, கட்டுரைகளைப் பிரித்துச் சேமித்து வைப்பது அவர்களின் திட்டம். எந்தெந்த மொழிகளில் மென்பொருள் நம்பும்படி வேலை செய்கிறதோ அந்த மொழிகளைப் பட்டியலில் ஏற்றுவார்கள். பட்டியலில் இல்லாத மொழியை அடுத்த வருடம்தான் திரும்பப் பார்ப்பார்கள். தமிழ் முதலில் பட்டியலிலேயே இல்லை. எங்கள் குழுத் தலைவியிடம் போய்க் கேட்டது நான்தான். அந்தப் பெண்மணி இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். கதவுக்கு வெளியே நின்று மூன்று தரம் ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

"ஏன் தமிழ்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தத் தளங்கள் சிறியவை, இரண்டு மூன்று பேர் வீட்டிலிருந்து நடத்துபவை, இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது, இந்த மாதங்களில் அவற்றில் வருவதை யாராவது சேமிக்காவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது என்று சொன்னேன். சொல்லி முடித்ததும், அளவுக்கு மிஞ்சிப் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். அவர், அறுபது பக்கங்களைச் சேர்த்து விடைத்தாள் தயார் செய்யுங்கள் என்றார். நான்கு அம்சங்களில் ஒவ்வொன்றிலும், அறுபதில் ஆறுக்கு மேல் பிழையாக வந்தால் தமிழ் இல்லை.

விடைத்தாள் என்பது, ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியான தலைப்பு எது, ஆசிரியர் யார், திகதி என்ன என்று மனிதக் கையால் எழுதிவைக்கும் பட்டியல். மென்பொருள் தரும் விடையை அதோடு ஒப்பிட்டுத்தான் புள்ளி போடுவார்கள். அதில் இரண்டு கடுமையான விதிகள் இருந்தன. நிரல் எழுதுபவர் விடைத்தாளையோ அந்தப் பக்கங்களையோ பார்க்கக் கூடாது. பார்த்தால் அவற்றுக்கு மட்டும் பொருந்தும்படி நிரலை வளைத்துவிடுவார். சோதிப்பவர் மென்பொருளின் விடையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தன்னை அறியாமல் விடைத்தாளை அதற்குப் பொருந்த மாற்றிவிடுவார். எனக்கு வருவது எந்தப் பக்கம் சரி, எது பிழை என்ற பச்சை, சிவப்பு நிறங்கள் மட்டும். நான் படித்த பள்ளிக்கூடங்கள் எதிலும் இவ்வளவு நேர்மையான பரீட்சையைக் கண்டதில்லை.

நிரல் எழுதியவர் சென்னையிலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். நான் "திகதி" என்று சொல்லும்போதெல்லாம் தனக்குள் சிரிப்பார்; அவர்கள் பக்கத்தில் அது தேதி. பரீட்சைக்கு உரிய அறுபது பக்கங்களையும் தொடாமல், பழகிப் பார்ப்பதற்கென்று வேறு சில பக்கங்களை அவருக்குக் கொடுத்திருந்தேன். இரண்டாம் நாளே என் மேசைக்கு வந்தார்.

"என்னங்க, உங்க ஊர் சைட்ல ஒரு கிரிக்கெட் செய்தி. எழுதினவர் பேர் என்னன்னு எடுத்திருக்கு தெரியுமா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர். அவர் காலமாகி மூணு நாள் ஆச்சு."

எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் வலது ஓரத்தில் மரண அறிவித்தல். எங்கள் தளங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு தந்தை, ஒஷாவாவில் உள்ளவர், லண்டனில் உள்ளவர், மைத்துனர்மார், பேரப்பிள்ளைகள் என்று உறவுமுறை முழுவதையும் எழுதினால்தான் எங்களுக்கு நிறைவு. கட்டுரையோ ஆறே வரி. பக்கத்தில் நீளமான எழுத்து எங்கே இருக்கிறதோ அதுதான் கட்டுரை என்று மென்பொருள் நினைத்துவிட்டது.

"ஒருத்தருக்கு இவ்வளவு மருமக்களா? கட்டுரையை விட மருமக்கள் லிஸ்ட் பெருசா இருக்குங்க."

"ஒருதரை விட்டாலும் பிறகு செத்தவீட்டிலை சண்டை வரும்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு, இந்த மாதத்தில் இதற்குச் சிரிக்கலாமா என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார். தலைப்பு, ஆசிரியர், கட்டுரை மூன்றிலும் சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தன. வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது ஸ்ரீல்ஸ் வீதியின் சிவப்பு விளக்கில் நின்று, இது பச்சையாகும், அதுவும் பச்சையாகும் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிப்பார்.

திகதி மட்டும் அசையவில்லை. அறுபதில் பதினேழு சிவப்பு.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தமிழ்த் தளங்களில் திகதியை எழுத ஆளுக்கொரு முறை உண்டு. சிலர் மாதத்தை முதலில் போடுவார்கள், சிலர் நாளை. சித்திரை, வைகாசி என்று எழுதுபவர்களும் இருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். அடுத்த நாளும் பதினேழு. அதற்கு அடுத்த நாள் பத்தொன்பது. பிறகு திரும்பவும் பதினேழு.

"மத்த மொழியில எல்லாம் இதே ப்ரோக்ராம் கோடு தான் ஓடுது. தமிழ்ல மட்டும் என்ன கோளாறுன்னே புரியல" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

இப்படியே இரண்டு வாரம் போனது. நான் என் பங்குக்கு விடைத்தாளைச் சரிபார்த்தேன். தலைப்புகளில் எழுத்துப் பிழை விட்டிருப்பேனோ என்று மூன்று தரம், ஆசிரியர் பெயர்களை இரண்டு தரம், கட்டுரையின் முதல் வரியும் கடைசி வரியும் சரியா என்று ஒரு தரம். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, பிள்ளையின் பையில் மாற்று உடுப்பு வைத்தேனா என்று நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பெண் நான். திகதியை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த நாட்களை நான் ஒவ்வொன்றாக வாழ்ந்திருந்தேன். எந்தச் செய்தி எந்த நாளில் வந்தது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைவி இருவரையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நூலகங்களுக்குப் பட்டியல் போகிறது, திகதி இப்படியே இருந்தால் தமிழை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். வெளியே வந்ததும் நிரல்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு க்ளூ குடுங்க. பக்கத்தைக் காட்ட வேண்டாம். பதினேழுக்கும் பொதுவா ஏதாவது இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு ரூல்ஸ்ல இடம் இருக்கு."

அது நல்ல யோசனை. புதன்கிழமை காலை பதினேழு பக்கங்களையும் அச்சிட்டு, கூட்ட அறையின் நீள மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஏழு வெவ்வேறு தளங்கள். அரசியல், விளையாட்டு, சினிமா, ஒரு சமையல் குறிப்பு. பொதுவாக ஒன்றும் இல்லை. மேசையைச் சுற்றி நடந்தேன். நான்காவது சுற்றில் தலைப்பை விட்டுவிட்டு அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன். காலை 4.50. காலை 5.15. மு.ப. 6.05. காலை 7.30. கடைசியாக வந்தது ஒன்பது இருபத்தைந்து. பதினேழும் காலை! பச்சையான பக்கங்களை ஓடிப்போய் எடுத்து வந்து பார்த்தேன். பகல் 11.10. பிற்பகல் 2.00. மாலை 6.40. ஒன்றிலும் ஒன்பதரைக்கு முந்திய காலை இல்லை.

நடைபாதையில் ஓடினேன். அந்த அலுவலகத்தில் யாரும் ஓடுவதில்லை.

"காலை எண்டு இருக்கிற பக்கம் எல்லாம் பிழைக்குது! ஒன்பதரைக்கு முந்தி வந்தது ஒண்டும் பச்சையாகேல்லை!"

அவர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "சூப்பர்ங்க! அப்ப நேரத்தைப் படிக்கிற இடத்துல தான் ஏதோ…" விரல்கள் பறந்தன. நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பிறகு மெதுவாகத் தட்டினார். பிறகு நிறுத்தினார்.

"இல்லைங்க. இந்தப் பக்கங்கள்ல நேரத்தை அது தொடவே இல்ல. பகலோ காலையோ, அதுக்கு ரெண்டும் ஒண்ணு தான். எழுதியிருக்கிற நாளை அப்படியே எடுக்குது. காலைல வந்தது மட்டும் தப்பாகறதுக்கு இதுல வழியே இல்ல."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, மகளை உயரக் கதிரையில் இருத்தி, சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. விடியவே போய் நாலு மணிக்கு வந்துவிடுவார். வந்ததும் குளித்துவிட்டுக் குசினி மேசையில் இருந்த கணினியைத் திறப்பார். எங்கள் இரண்டு பேரின் நெருங்கிய உறவினர் யாரும் அப்போது போர் நடந்த இடத்தில் இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருந்த காலம் அது. ஆனாலும் ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை இருவரும் அந்தத் திரைக்கு முன்னால்தான். பக்கங்களை நான் சேர்த்ததும் அந்த நேரத்தில்தான். பிள்ளைக்கு ஒரு வாய், கணினிக்கு ஒரு சொடுக்கு. கொப்பியில் அன்றைய நாளையும் குறித்துக்கொள்வேன்.

"இஞ்சேரும், வியாழக்கிழமைப் பேப்பர் வந்திட்டுது" என்றார் அவர்.

"இண்டைக்குப் புதனெல்லோ" என்றேன், கரண்டியைத் தூக்கியபடி.

"எங்களுக்குப் புதன். அங்கை விடிஞ்சிட்டுது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பிறகு மேசையில் அடித்தாள். ஒன்பதரை மணித்தியாலம். ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். அங்கே காலை ஒன்பதரைக்கு முந்தி வந்ததெல்லாம் இங்கே முந்திய நாள். பக்கத்தில் வியாழன் என்று அச்சாகியிருக்கும். நான் அதை இந்தக் குசினியில் புதன் பின்னேரம் வாசித்திருப்பேன். கொப்பியில் புதன் என்று எழுதியிருப்பேன். கொப்பியைப் பார்த்து விடைத்தாளை எழுதியிருப்பேன்.

மென்பொருளில் பிழையே இல்லை.

கையைக் கழுவாமல் கொப்பியை எடுத்து மூன்று பக்கங்களைத் திறந்து பார்த்தேன். மூன்றும் அப்படியே. ஒரு கணம் குதிக்க வேண்டும்போல இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! அடுத்த கணம், கண்டுபிடித்தது என்னைத்தான் என்று விளங்கியது. ஒரு மனிதர் இரண்டு வாரம் நித்திரை இல்லாமல், இல்லாத பிழையைத் தேடியிருக்கிறார். வேலையில் என் மூன்று மாதத் தற்காலிகக் காலம் இன்னும் முடியவில்லை.

கணவருக்குச் சொன்னேன். அவர் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பேசாமல் பதினேழையும் மாத்திவிடுமன். சரியானதைத்தானே போடப்போறீர்? ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உமக்கு எப்பவும் ஏதாவது தெரிஞ்சுகொண்டுதான் இருக்கும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாற்றினால் வெள்ளிக்கிழமை எல்லாம் பச்சை, தமிழ் பட்டியலில். சொன்னால், விடைத்தாளே செல்லாது என்று தமிழைத் தூக்கிவிடக்கூடும். இரண்டு பக்கமும் மாறிமாறி யோசித்தேன். மகளைக் குளிக்க வார்க்கும்போது மாற்றலாம் என்று முடிவு செய்தேன். துவட்டும்போது சொல்லலாம் என்று முடிவு செய்தேன். கடைசியில் என்னைத் தடுத்தது ஒரு சின்னக் கணக்கு. பிழைத்தவை பதினேழு என்று கணினி சொல்லியது. பச்சை காட்டிய மற்றவற்றில், மென்பொருளும் பிழை நானும் பிழை என்று இரண்டும் தற்செயலாகப் பொருந்தியவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. இந்த வாரங்களின் செய்திகளைச் சரியான நாளோடு சேமிக்க வேண்டும் என்று தலைவியிடம் போய் நின்றவள் நான்தான். நாளே நிச்சயமில்லாத பட்டியலைக் கொடுத்துவிட்டு எப்படி இருப்பது?

வியாழன் காலை தலைவியின் அறையில் நின்று சொன்னேன். ஒத்திகை பார்க்கவில்லை, பார்த்திருந்தால் திரும்பி வந்திருப்பேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"நேற்று இரவே நீங்கள் இதை மாற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது" என்றார்.

"தெரிந்திருக்காது."

"இனி இந்த விடைத்தாளை நான் பயன்படுத்த முடியாது. நீங்களும் திருத்த முடியாது, எது சிவப்பு என்று உங்களுக்குத் தெரியும். நாளை நண்பகலுக்குள் தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு ஒருவர் அறுபது பக்கங்களுக்கும் திகதி எழுதித் தந்தால் ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் இல்லை."

பிறகு நிரல்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். முகம் சிவந்தது.

"ரெண்டு வாரமா நான் தப்பே இல்லாத கோடைத் திருத்திட்டு இருந்தேனா?"

"ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பு கிடக்கட்டும்ங்க. திருத்தித் திருத்தி நான் இப்ப அதை உண்மையிலேயே கெடுத்து வச்சிருக்கேன்!" தலையில் கை வைத்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. "சரி, பழைய கோடை எடுக்கறேன். சித்திரை, வைகாசியை மட்டும் வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் தூக்கிப் போடறேன். நீங்க போய் ஆளைப் பிடிங்க."

ஆள் அலுவலகக் கட்டடத்தின் வாசலிலேயே இருந்தார். முன்கூடத்தில் காவல் வேலை பார்க்கும் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயதிருக்கும். தினமும் காலையில் என்னைக் கண்டதும் "என்ன தங்கச்சி, புதினம் ஏதும்?" என்று ஊர்ச் செய்தி விசாரிப்பார். தலைவி கட்டட முகாமையாளரிடம் பேசி அனுமதி வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை அண்ணையைக் கூட்ட அறையில் இருத்தி, அறுபது தாள்களையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, தானே எழுதிய ஒரேயொரு வாக்கியத்தை மேசையில் வைத்தார். தாளில் அச்சாகியிருக்கும் திகதியை எழுதவும். நான் அதைத் தமிழில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அதோடு என் வாய்க்குப் பூட்டு. அறையின் மூலையில் தலைவி இருந்தார். நான் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டார். முதல் தாளை வாசித்தார். எழுதினார். இரண்டாவது தாளில் திகதியை எழுதிவிட்டுச் செய்தியையும் வாசிக்கத் தொடங்கினார். கடவுளே, வாசிக்காதேயுங்கோ அண்ணை, எழுதுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். பத்தாவது தாள் வரும்போது பத்து மணி. இருபதாவது வரும்போது பதினொன்று ஆக இருந்தது. பிறகு அவருக்கு வேகம் பிடித்தது. தாள்கள் படபடவென்று திரும்பின. திடீரென நின்றார். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"தங்கச்சி, உதிலை ஒரு சிக்கல். உந்தப் பேப்பரிலை வியாழக்கிழமைத் திகதி போட்டிருக்கு. ஆனா நான் இதைப் புதன்கிழமை பின்னேரமே வாசிச்சனான். மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினனான். நல்லா ஞாபகம். எதை எழுதுறது?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் ஒரு சொல் சொன்னாலும் எல்லாம் பழுதாகிவிடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலைவியைப் பார்த்தேன்.

"என்ன கேட்கிறார்?" என்றார் தலைவி.

ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பிழை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியிருக்க வேண்டும். அந்த முகத்தில் நான் முதன்முதலாக ஒரு சிரிப்பைக் கண்டேன். எழுந்து வந்து, மேசையிலிருந்த தன் வாக்கியத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எழுதியிருக்கிறதுதான் எண்டுறா" என்று அண்ணை தானே சொல்லிக்கொண்டார். "சரி, அவைக்கு என்னத்துக்கு எங்கடை வீட்டு நேரம்." போய் இருந்து எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறுபதாவது தாள் முடிந்தது. தலைவி தானே அவற்றைக் கணினியில் பதிந்தார். நிரல்காரர் வந்து நின்றார், கைகளைக் கட்டிக்கொண்டு. வேலை முடிந்தது போகலாம் என்று சொல்லியும் அண்ணை போகவில்லை. "இருங்கோ, றிசல்ட்டைப் பாத்திட்டுப் போறன்" என்று தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வரிசைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பச்சை. பச்சை. பச்சை. ஏழாவது சிவப்பு, நிரல்காரர் பல்லைக் கடித்தார். பச்சை, பச்சை. பதினேழில் முதலாவது வந்தது, பச்சை. நான் தலைவியின் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. முப்பதுக்குள் மூன்று சிவப்பு. நாற்பத்து நான்கில் இன்னொன்று. ஐம்பத்தெட்டு பச்சை, ஐம்பத்தொன்பது சிவப்பு, அறுபது பச்சை.

"ஐஞ்சு!" என்று கத்தியது நான்தான்.

"பாசோ?" என்றார் அண்ணை.

"பாஸ், அண்ணை!"

"அப்ப எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தாரும். கண் போச்சு."

நிரல்காரர் என் பக்கம் திரும்பினார். "அந்த அஞ்சும் என் தப்பு தான். இந்தத் தடவை உங்களோடது இல்ல" என்றார், பெருந்தன்மையோடு. தலைவி பட்டியலைத் திறந்து, மொழிகளின் வரிசையில் கடைசியாகத் தமிழ் என்று சேர்த்தார். அனுப்பிவிட்டு, இனி எல்லா மொழியின் விடைத்தாளையும் இரண்டு பேர் தனித்தனியே எழுத வேண்டும், அந்த விதியை நீங்களே எழுதித் தாருங்கள் என்று என்னிடம் சொன்னார். தண்டனையா, நம்பிக்கையா என்று நான் வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்களில் சேமிப்பு தொடங்கியது. போர் முடிந்தது என்ற செய்தி வந்ததும் அந்த நாட்களிலேதான். கணவர் வேலைக்குப் போகாமல் திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் போனேன். முன்கூடத்தில் அண்ணை புதினம் கேட்கவில்லை; தலையை மட்டும் அசைத்தார்.

கணினியைத் திறந்தேன். தமிழ்ப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்துகொண்டிருந்தன. தலைப்பு, எழுதியவர், திகதி, கட்டுரை. ஒரே செய்தியை இரண்டு தளங்கள் ஒன்றுக்கொன்று எதிராக எழுதியிருந்தன. சிலவற்றைப் போட்ட அரை மணித்தியாலத்தில் எடுத்திருந்தார்கள். தளத்தில் போய்த் தேடினால் வெறும் பக்கம். எங்களிடம் இருந்தது. யார் எழுதியது, எந்த நாளில் எழுதியது என்பதோடு இருந்தது. அதைப் பார்த்தபோது என் உடம்பு முழுவதும் ஒரு சூடு பரவியது. பெருமை என்று சொல்ல அன்றைக்கு நா எழவில்லை.

பதினொரு மணியளவில் நிரல்காரர் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீங்க வேணா இன்னைக்கு வீட்டுக்குப் போங்களேன். நான் பாத்துக்கறேன்."

"இல்லை, இருக்கிறன்" என்றேன். "திகதியளை ஒருக்காப் பாக்கோணும். நீங்களும் ஒரு பக்கமா வாசியுங்கோ. ரெண்டு பேர் பாக்கோணும் எண்டுதான் விதி."

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மேலிருந்து தொடங்கினோம்.